முதலில் பதில் சொன்னவன்

என் முன்பற்கள் இரண்டும் விழுந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று மதியம் நான் நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் உயிருள்ள ஒரு மனிதனைப் பிரஸ்ஸில் வைத்து நசுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். பல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய கார்களை நசுக்கிக் கட்டிகளாக்கும் இரும்புப் பட்டறை அது. முன்கேட்டுக்குக் குறுக்கே ஒரு கிரேனை நிறுத்தியிருந்தார்கள். போலீசுக்குப் போன் செய்தோம், வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வார்டனம்மாவும் நானும் பின்சுவர் ஏறிக் குதித்தோம்.

வார்டனம்மா இருபத்திரண்டு வருடம் பெண்கள் ஜெயிலில் வார்டனாக இருந்துவிட்டு, இப்போது துப்பறிகிறவர். வயது ஐம்பத்தாறு. சுவரை என்னைவிடச் சுலபமாகத் தாண்டினார். ஜெயிலை விட்டு வரும்போது ஒரு பித்தளைப் பூட்டை மட்டும் ஞாபகார்த்தமாக எடுத்து வந்தார். அதை ஒரு துண்டின் முனையில் முடிந்து எப்போதும் தோளில் போட்டிருப்பார். நான் அவருடைய உதவியாளன். முன்பு ஆபீஸ் ஆபீஸாகப் போய் நெட்வொர்க் கேபிள் இழுத்த பாவத்துக்கு எனக்கு ஒயர் என்று பெயர் வைத்துவிட்டார்.

உள்ளே வரிசையாக மூன்று பிரஸ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கார் நுழைகிற அளவுக்கு இரும்பு வாய். நடு பிரஸ்ஸின் வாய்க்குள் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்தார் பட்டறை முதலாளி வீட்டு மாப்பிள்ளை. ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. வலது கையின் மூன்று விரல்கள் போகக்கூடாத திசையில் திரும்பியிருந்தன. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவியும் அதே வாய்க்குள் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கூப்பிட்டது அவள்தான்.

வெளியே கடப்பாரையோடு நின்றவர் அவளுடைய சின்ன அண்ணன். பட்டறையில் எல்லோருக்கும் சின்னவர்.

"சின்னண்ணே, போடுறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்துப் போடு" என்றாள் அவள்.

"உன்னை இழுத்து வெளிய போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் சின்னவர். அழுது அழுது அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐந்துக்கு இதே வாய்க்குள் அவர்களுடைய மூத்த அண்ணன், அதாவது பெரியவர், செத்துப்போனார். இந்தப் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தினமும் காலையில் மெயின் சுவிட்ச் போட்டதும் பிரஸ்ஸின் கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, முந்தின நாள் துண்டு துணுக்குகளைக் கூட்டி எடுப்பது வீட்டு ஆண்கள் மட்டும்தான். ஒரு காலத்தில் தொழிலாளி ஒருவருக்குக் கை போனதிலிருந்து அப்படி. ஒன்றாம் பிரஸ் மாப்பிள்ளைக்கு, இரண்டு பெரியவருக்கு, மூன்று சின்னவருக்கு. கதவு திறந்திருந்தால் வாய் அசையவே கூடாது. செவ்வாய்க்கிழமை அசைந்தது. பெரியவரை வெளியே எடுக்க நான்கு மணி நேரம் ஆனது.

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. வியாழக்கிழமையான அன்று காலை மாப்பிள்ளை தானாகவே சின்னவரிடம் போய், "தப்பு என்னோடதுதான் மச்சான்" என்று சொல்லியிருக்கிறார். விரல்கள் உடைந்தது அதற்குப் பிறகு.

"ஒரு மணி சங்குக்குத்தான் மதியம் மெயின் போடுவோம். இன்னைக்கும் போடுவேன். அதுவரைக்கும் என்ன வேணும்னாலும் தோண்டிக்கோங்க" என்றார் சின்னவர்.

வார்டனம்மா பிரஸ்ஸின் வாயருகே குனிந்தார். "தம்பி, அழாம ஒரே ஒரு பதில் சொல்லு. கடைசியா எதைத் தொட்டே?"

"போர்டை" என்றார் மாப்பிள்ளை. உதடு கிழிந்திருந்ததால் மெதுவாகத்தான் பேசினார். "திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, எல்லாரும் போனதுக்கப்புறம். மூணாவது பிரஸ்ஸோட போர்டு சூட்டுல அடிக்கடி நின்னுடும். அதைக் கழட்டி, சூடு கம்மியா இருக்குற ரெண்டுல போட்டேன். ரெண்டுல இருந்ததை மூணுல போட்டேன். சர்வர்ல ரெண்டு வரியையும் மாத்தினேன். மாத்தும்போது எங்கேயோ ஒரு எழுத்து தப்பாயிருக்கும். பெரிய மச்சானை நான்தான் கொன்னுட்டேன்."

வார்டனம்மா என்னைப் பார்த்தார். "ஒயரு, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. சுருக்கமா."

சொன்னேன். ஒவ்வொரு பிரஸ்ஸையும் ஓட்டுவது சீட்டுக்கட்டு அளவு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. அதில் மெமரி கார்டு கிடையாது. இங்கே இருக்கிற அதிர்ச்சிக்கும் தூசுக்கும் கார்டு வாரத்துக்கு ஒன்று செத்துப்போகும். அதனால் கரண்ட் வந்ததும் போர்டு கேபிளில் சத்தம் போடும்: என் நம்பர் இது, எனக்கு ஒரு முகவரி கொடுங்கள், என் வேலை என்னவென்று சொல்லுங்கள். டிஹெச்சிபி சர்வர் என்று ஒரு பெட்டி அதற்குப் பதில் சொல்லும்: இந்த நம்பருக்கு இந்த முகவரி, இந்த ஃபைலை எடுத்துக்கொண்டு ஓட்டு. ஒரு போர்டுக்கு ஒரு வரி. போர்டு எந்த பிரஸ்ஸில் இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும்.

"தினமும் காலையில நான் யாருன்னு கேட்டு எழுந்திருக்குற ஜென்மம்" என்றார் வார்டனம்மா. "நம்ம ஜெயில்ல நிறைய பேர் அப்படி உண்டு. அந்தப் போர்டைக் கழட்டு."

இரண்டாம் பிரஸ்ஸின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து போர்டைக் கழற்றினேன். ஓரத்தில் பெரியவரின் ரத்தம் காய்ந்திருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சர்வர் அறைக்கு ஓடினோம்.

அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்து. ஒரு சர்வர், பதினாறு கேபிள் சொருகிய ஒரு ஹப், இரண்டு ஸ்கிரீன். போர்டை என் போன் சார்ஜரிலும் ஒரு ஸ்கிரீனிலும் மாட்டி, கேபிளைச் சொருகிவிட்டு, சர்வரில் மாப்பிள்ளை எழுதிய வரிகளைத் திறந்தேன். மூன்று போர்டு, மூன்று வரி. நம்பர்களை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன்.

"தப்பே இல்லம்மா. பரீட்சையில எழுதிக் குடுக்கலாம்."

"அப்போ அவன் மேல தப்பு..."

வார்டனம்மா முடிக்கவில்லை. கதவு கீலோடு பிய்ந்து உள்ளே விழுந்தது. பின்னாலேயே சின்னவர் வந்தார்.

"இதுதானே? என் அண்ணனைக் கொன்னது இந்தப் பெட்டிதானே?"

கடப்பாரை முதல் அடியில் சர்வரின் தகரத்தைப் பிளந்தது. நான் தடுக்கப் போனேன். வீரம் என்று நினைக்காதீர்கள். என் சார்ஜர் அதன் பக்கத்தில் இருந்தது. கடப்பாரையின் மறுமுனை என் விலாவில் இறங்கியது. நான் சுருண்டு கிடந்து எண்ணினேன், மொத்தம் பதினோரு அடி. பிறகு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். சர்வர் என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் மிச்சமில்லை.

"முடிஞ்சுதும்மா" என்றேன் தரையில் கிடந்தபடியே. "இருந்த ஒரே சாட்சியும் போச்சு. இனிமே இந்தப் போர்டு எவ்வளவு கத்தினாலும் பதில் சொல்ல நாதியில்லை."

"அப்புறம் ஏன்டா அது பேசுது?"

நிமிர்ந்து பார்த்தேன். கடப்பாரை இழுத்துவிட்டதில் என் சார்ஜர் ஒரு தடவை அணைந்து மறுபடி எரிந்திருந்தது. போர்டு புதிதாகக் கண்விழித்து, தன் நம்பரைச் சொல்லி, முகவரி கேட்டிருந்தது. ஸ்கிரீனில் அடுத்த வரி வந்தது. முகவரி கிடைத்துவிட்டதாம், ஃபைலும் இறங்கிக்கொண்டிருந்ததாம்.

சர்வர் துண்டு துண்டாக என் காலடியில் கிடந்தது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "அம்மா, இந்தக் கேபிள்ல இன்னொருத்தன் இருக்கான்."

"ரெண்டு பேர் இருந்தா சண்டை வராதா?"

"வராது. முதல்ல யார் பதில் சொல்றானோ அவன் சொன்னதுதான் சட்டம். உனக்குச் சொல்ல என்ன உரிமைன்னு போர்டு கேட்காது. மாப்பிள்ளையோட சர்வருக்கு ஆயிரம் வேலை. ஒளிஞ்சிருக்குறவனுக்கு வேலை ஒண்ணே ஒண்ணு, அதனால இவனுக்கு முன்னாடி அவன் முந்திக்குவான்."

"அவனைப் பிடி."

ஹப்பில் இருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் போர்டை அணைத்து எழுப்பினேன். எட்டாவது கேபிள் வரை பதில் வந்தது. ஒன்பதாவதைப் பிடுங்கியதும் போர்டு கத்திக்கொண்டே இருந்தது, பதில் இல்லை. அந்தக் கேபிளில் பிரிண்டர் என்று சீட்டு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி சொருகி, போர்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூரையோரமாக அந்தக் கேபிள் போகும் வழியில் இரண்டு பேரும் நடந்தோம். மனிதர்கள் சொல்லும் வழியைவிட கேபிள் போகும் வழியை நான் நம்புவேன்.

கேபிள் மாடியேறி, பூட்டியிருந்த ஓர் அறைக்குள் நுழைந்தது. பெரியவரின் அறை. வாசலை அடைத்துக்கொண்டு கிரேன் டிரைவர் நின்றான். எல்லோரும் அவனை யானை என்று கூப்பிட்டதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை.

"யாரும் உள்ள போகக்கூடாது" என்றான்.

"யார் உத்தரவு? சின்னவரா?" என்றார் வார்டனம்மா.

"பெரியவர். திங்கக்கிழமை சொன்னாரு. அவரே வந்து வேணாம்னு சொல்ற வரைக்கும் நிப்பேன்."

"அவர் வர்றதுக்குக் கொஞ்சம் நாளாகும்ணே" என்றேன்.

என் வாய்தான் எனக்கு எதிரி. அவன் முஷ்டி அந்த வாயிலேயே வந்து விழுந்தது. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. இரண்டு பற்கள் தரையில் உருண்டு ஓடுவதை நானே பார்த்தேன். அடுத்து அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். கால் தரையில் படவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது வார்டனம்மாவின் துண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பித்தளைப் பூட்டு அவன் முழங்கால் சில்லில் இறங்கிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அவன் மண்டியிட்டான். இரண்டாவது சுற்று காதோரம். அப்படியே கதவில் சாய்ந்தான், கதவும் அவனோடு சேர்ந்து திறந்துகொண்டது.

"பூட்டு திறக்குறதுக்கும் உதவும்" என்றார் வார்டனம்மா.

மேஜையின் கீழ் இழுப்பறையை உடைத்தோம். உள்ளே, பின்பக்கத் துளை வழியாக வந்த கேபிளில், இன்னொரு சின்னப் போர்டு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நோட்டு. முதல் பக்கங்களில் போர்டுக்குப் பதில் சொல்லும் பெட்டியைப் படிப்படியாக அமைப்பது எப்படி என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. தலைப்பில், பெரிய மச்சானுக்கு.

"மாப்பிள்ளை எழுத்து" என்றேன். "அப்போ அவரேதானா?"

"கடைசிப் பக்கத்தைப் பாரு."

கடைசிப் பக்கத்தில் வேறு கையெழுத்து, கோணல்மாணலாக. பாஸ்வேர்ட். மறந்துவிடுமோ என்று எழுதி வைத்துக்கொண்டவரின் எழுத்து. அறைச் சுவரில் தொங்கிய விடுமுறைப் பட்டியலிலும், மேஜையில் கிடந்த எல்லாக் காகிதங்களிலும் அதே கோணல்மாணல்.

மேஜை ஸ்கிரீனை அந்தப் போர்டில் மாட்டி பாஸ்வேர்டை அடித்தேன். உள்ளே ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஒரு நம்பர், ஒரு ஃபைல். நம்பர் என் பையில் இருந்த போர்டின் நம்பர். ஃபைலைத் திறந்து படித்தேன்: கதவு திறந்ததும் ஏழு எண்ணு, பிறகு வாயை மூடு.

"பெரியவரைக் கொல்ல யாரோ அவர் அறையிலேயே வச்சிருக்காங்க..." என்று ஆரம்பித்தேன்.

"எழுதின தேதி பாரு, மணி பாரு."

"திங்கக்கிழமை மதியம் மூணு."

"போர்டு இடம் மாறினது?"

"திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு." சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று மணிக்கு இந்த நம்பர் இருந்தது இரண்டாம் பிரஸ்ஸில் இல்லை. சின்னவரின் மூன்றாம் பிரஸ்ஸில்.

வார்டனம்மா பெரியவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணு வாரம் முன்னாடி சின்னவன் எல்லா ஆளுங்க முன்னாடியும் பெரியவன் கன்னத்துல அறைஞ்சிருக்கான். தங்கச்சி போன்ல சொன்னா. பெரியவன் சிரிச்சுட்டுப் போயிட்டானாம். ஜெயில்ல நான் அழுறவங்களைப் பார்த்துப் பயந்ததில்லை. சிரிச்சுட்டுப் போறவங்களைத்தான் ராத்திரி ரெண்டு தடவை எட்டிப் பார்ப்பேன்."

மணி பன்னிரண்டு ஐம்பது. "இந்தப் பொட்டியை அப்படியே ஓட விடு. கையில இருக்குற போர்டைக் கொண்டுபோய் மூணாவதுல மாட்டு. யார் கண்ணுலயும் படாதே" என்றார்.

மாட்டினேன். வாயில் ரத்தம், விலாவில் வலி. நான்கு திருகாணிகளுக்கு ஆறு நிமிடம் ஆனது.

சங்கு ஊதியது. சின்னவர் தங்கையின் முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் புருஷனின் சங்கிலியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். ஐயோ என்ற அலறல் கூரையில் மோதியது.

ஒன்றாம் பிரஸ் அசையவில்லை. இரண்டும் அசையவில்லை. மாப்பிள்ளை கண்ணை இறுக்க மூடியபடி உயிரோடு இருந்தார்.

"சர்வரை உடைச்சது யாரு தம்பி? நீதானே" என்றார் வார்டனம்மா. "இனிமே இங்க எந்த மெஷினும் ஓடக்கூடாது. சரியா?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. மூன்றாம் பிரஸ் உறுமியது. மேலே பச்சை விளக்கு எரிந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவரும் பார்த்தார். "அது என்னோட பிரஸ்ஸு."

"உன்னோடதுதான். சர்வர் செத்தும் உனக்கு மட்டும் ஒருத்தர் பதில் சொல்றார். போய் தினமும் திறக்குற மாதிரி கதவைத் திற."

அவர் என்ன நினைத்தாரோ, போனார். கடப்பாரையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். பழக்கதோஷம், தலையை உள்ளே நீட்டினார். வார்டனம்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்து, அவர் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி வாய்க்குள் வீசினார்.

"எண்ணு."

யாரும் எண்ணவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழு முடிந்ததும் வாய் மூடியது. இவ்வளவு பெரிய இரும்பு அவ்வளவு வேகமாக நகரும் என்று நான் நினைக்கவில்லை. மறுபடி திறந்தபோது ஹெல்மெட் அப்பளம் போல் அடியில் ஒட்டியிருந்தது.

வார்டனம்மா நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றைக்கூட மென்மையாக்கவில்லை. சின்னவர் அவரை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை, கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றது. அண்ணனின் கையெழுத்தை அவருக்குத் தெரியாதா?

"எப்போ எழுதினது?" என்றார்.

"திங்கக்கிழமை மூணு மணி."

"அன்னைக்கு மதியம்தான் நான் மன்னிப்புக் கேட்டேன்." குரல் சிறுபிள்ளை போல் ஆகிவிட்டது. "பக்கத்துல உட்கார வச்சு, அவரோட டப்பாவுல இருந்து எனக்கு ஊட்டிவிட்டாரு. வாயைத் துடைச்சுவிட்டாரு."

"துடைச்சுட்டு மாடிக்குப் போயிருக்கான். ஆறு மணிக்கு இந்தப் பிள்ளை போர்டை மாத்தலேன்னா, செவ்வாய்க்கிழமை நாலு மணி நேரம் உன்னை வெளிய எடுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. பழியும் இவன் தலையிலதான் விழுந்திருக்கும், அதுக்குத்தான் கத்துக்குறேன்னு சொல்லி இவன்கிட்டயே எழுதி வாங்கினது. காலையில இருந்து நீ யாரோட விரலை உடைச்சுக்கிட்டு இருக்கேன்னு தெரியுதா?"

கடப்பாரை கீழே விழுந்தது. சின்னவர் இரண்டாம் பிரஸ்ஸின் வாய்க்குள் ஏறி, சங்கிலியை அவிழ்க்க முயன்றார். சாவி மூன்று தடவை தவறி விழுந்தது. கடைசியில் தங்கைதான் வாங்கித் திறந்தாள். அண்ணனின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

நான் மாப்பிள்ளையைத் தாங்கிப் பிடித்து இறக்கினேன். பெரிய மச்சான் சின்ன மச்சானைக் கொல்லப் பார்த்த கதை முழுவதும் அவர் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் உடையாத கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது வேறு.

"அண்ணே, நீங்க என் சர்வரைத் திறந்து பார்த்தீங்களா? அது உடையுறதுக்கு முன்னாடி?"

"பார்த்தேன் தம்பி."

"நான் மாத்தின ரெண்டு வரி?"

மூன்று நாளாக அந்த மனிதர் தூங்கியிருக்க மாட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பல் இல்லாத வாயால் முடிந்தவரை திருத்தமாகச் சொன்னேன்.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லை."

அவ்வளவு அடியிலும் அழாதவர், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.